நாடிக்குள்ள மதிப்பு நாளத்துக்கும் வேண்டும்

கல்லூரி விழா மலரொன்றிலே சத்திரசிகிச்சைக் கூடத்து நுணுக்கமொன்றைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என வினவுவார் உளராகலாம். நம் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியராயினார் பலர். வைத்தியராக விரும்பி இன்று உயிரியல் கற்கும் மாணவர் அவரினும் பலர். தமக்காகவோ தம் உறவினர்க்காகவோ வைத்தியசாலை வாயிலை மிதியாதார் எவருமிலர். ஆதலின் இப்பொருள் நம்மவர்க்குப் புறம்பானதன்று. மேலும், இங்கு நாம் எடுத்துரைக்கும் கருத்து வைத்தியத்துக்கு மட்டும் உரியதன்று. பெருமை பெறுவதைப் பேணிப் பெருமை பெறாததைப் புறக்கணிக்கும் மனித இயல்பைப் பற்றியதுமாகும்.

இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாயைப் பற்றும் புற்றுநோயே. இதற்குத் தலையாய காரணம் யாவரும் அறிந்ததே. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையுமாக நாள்தோறும் கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கம் அது. புகையிலையை நீக்கிப் பாக்கை மட்டும் மென்றால் தீங்கில்லை என எண்ணுவோரும் உளர். பாக்கு தனித்து நின்றும் புற்றுநோயை விளைக்கும் என்பதை அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே உறுதிப்படுத்தியுள்ளது. நோய் முற்றியவிடத்து நாவின் பாதியையோ கீழ்த்தாடையின் ஒரு பகுதியையோ வெட்டி அகற்றுதல் வேண்டும். அகற்றியபின் எஞ்சும் பள்ளத்தை அப்படியே விட்டால் அம்மனிதன் உண்ணவும் பேசவும் உமிழ்நீரை அடக்கவும் இயலாதவனாய் வாழ்வான். எனவே இழந்ததற்கு ஈடாக வேறோர் இழையத்தை அங்கு வைத்துத் தைத்தல் இன்றியமையாததாகின்றது.

இதற்கு இக்காலத்திற் பெரிதும் கையாளப்படும் முறை சுயாதீன மடலாகும். முன்கையிலிருந்து தோலையோ, தொடையிலிருந்து தோலும் தசையுமான பகுதியையோ, காலிலிருந்து கணைக்கால் வெளியென்பையோ அதற்குரிய நாடி நாளங்களோடு முற்றாக வெட்டியெடுத்து, வாயிலே பொருத்தி, அக்குருதிக்கலன்களைக் கழுத்திலுள்ள ஒரு நாடியோடும் ஒரு நாளத்தோடும் தைத்து இணைப்பதே இம்முறை. மடலிலிருந்து திரும்பும் குருதியை வாங்கிக்கொள்ளும் கழுத்து நாளத்தை ஏற்பு நாளம் எனலாம். அதனைத் தேர்ந்தெடுப்பதே நாம் இங்கு ஆராயும் பொருள்.

இக்கலையின் வரலாறு நெடியதன்று. பிரான்சு நாட்டவரான அலெக்சிசு கரல் 1902ஆம் ஆண்டிலே குருதிக்கலன்களின் முனைகளை மூன்று புள்ளிகளிற் பிடித்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசும் பெற்றார். அமெரிக்காவிலே ஜேக்கப்சனும் சுவாரசும் 1960ஆம் ஆண்டில் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு மிகச் சிறிய கலன்களையும் இணைக்கலாம் எனக் காட்டினர். 1973இல் அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகரிலே டானியலும் ரெயிலரும் கவட்டுத் தோலைக் காலுக்கு மாற்றிய செய்தி வெளிவந்தது. 1975இல் ரெயிலர் கணைக்கால் வெளியென்பை மாற்றும் முறையை வெளியிட்டார். அவ்வென்பைக் கொண்டே கீழ்த்தாடையைப் புதிதாய் அமைக்கலாம் என்பதை 1989இல் இடால்கோ நிலைநாட்டினார். முன்கை மடலைச் சீன நாட்டு வைத்தியர் 1981இல் உலகுக்கு அறிவித்தனர். இன்று அனுபவமிக்க நிலையங்களில் இத்தகைய மடல்களுள் 100க்கு 95க்கு மேற்பட்டவை பிழைக்கின்றன. இஃது அரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. பிழையாத எஞ்சிய சிலவற்றுக்குக் காரணம் யாது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

அவ்வாறு அழியும் மடல்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்துள்ளனர். நாடியில் உண்டாகும் அடைப்பினும் நாளத்தில் உண்டாகும் அடைப்பே மிகுதி. இதன் காரணத்தை அறிதல் கடினமன்று. நாடியின் சுவர் தடித்தது. அதனுட் குருதி இதயத்தின் உந்துதலோடு பாய்கின்றது. நாளத்தின் சுவரோ மெல்லியது. அதனுட் குருதி தாழ்ந்த அமுக்கத்தில் மெல்லெனச் செல்கின்றது. சிறிது முறுக்கினாலும், சிறிது நசுக்கினாலும், தையலில் ஓரிழை பின்சுவரைப் பற்றினாலும் ஓட்டம் தடைப்படும். தடைப்பட்டு நிற்கும் குருதி உறையும். குருதி தேங்குதல், கலச்சுவர் காயமுறுதல், குருதியின் உறையுந்தன்மை மிகுதல் என விர்ச்சோ என்னும் ஜேர்மானிய அறிஞரின் பெயரால் வழங்கும் மூன்று காரணங்களுள் முதலிரண்டும் நாளத்தின் இணைப்பிலே எளிதிற் கூடிவிடுகின்றன.

நம் ஊர்த் தோட்டக்காரருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வெங்காயப் பாத்திக்கு நீர் பாய்ச்சுவதில் அவர் எத்துணைக் கருத்துடையரோ, மாரிகாலத்திலே நின்ற நீரை வடியச் செய்வதிலும் அத்துணைக் கருத்துடையர். நீரின்றி வாடிய பயிரைக் கண்டு இரங்குவோர் பலர். நீர் வடியாது அழுகிய பயிரைக் கண்டவர்க்கே வடிகாலின் அருமை தெரியும். மடலும் அத்தன்மையதே. நாடி அடைபட்ட மடல் வெளிறிக் குளிரும். நாளம் அடைபட்ட மடலோ முதலிற் சிவந்து, பின் நீலம் பாரித்து, வீங்கி, ஊசியாற் குத்தினால் கறுத்த குருதியை விரைவாய்ச் சிந்தும். உள்ளே வரும் குருதிக்குக் குறைவில்லாதிருந்தும் வெளியேற வழியின்றி அது மாண்டுபோகின்றது.

இவ்வாறிருந்தும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் நாடிக்குள்ள மதிப்பு நாளத்துக்கு இல்லை என்பதே நமது குறை. எந்த நாடியிற் பொருத்துவது என்பது முன்னரே பேசி முடிவாகின்றது. எந்த நாளத்திற் பொருத்துவது என்பதோ, புற்றுநோயை அகற்றும் வேலை முடிந்தபின், எஞ்சிக் கிடப்பதுள் எது வாய்ப்பானது எனத் தேடும் வேலையாய்விடுகின்றது. அதற்குள் நல்ல நாளங்கள் சில கட்டப்பட்டும் வெட்டப்பட்டும் போயிருக்கும். உயிரியற் கூடத்திலே தேரையை அறுத்துக் கற்ற முன்னைய மாணவர்க்கு ஒன்று நினைவிருக்கும். வயிற்றைத் திறக்கும்போது நடுக்கோட்டில் வெட்டாதே, சற்று ஒதுங்கி வெட்டு என்பது ஆசிரியர் இடும் முதற் கட்டளை. நடுக்கோட்டின் உட்புறத்தே முன்வயிற்று நாளம் ஓடுகின்றது. அதனை அறுத்தவன் அன்று முழுதும் குருதிச் சேற்றிலே ஒன்றையும் காணமாட்டான். தேரையின் நாளத்துக்கு அன்று காட்டிய மரியாதையை மனிதனின் நாளத்துக்குக் காட்டுமாறு வேண்டுதல் மிகையன்று.

இனி, நல்ல ஏற்பு நாளத்தின் இலக்கணம் யாதெனக் காண்பாம். முதலாவது பருமன். குழாயொன்றினூடு செல்லும் பாய்ச்சல் அதன் ஆரையின் நான்காம் வலுவுக்கு ஏற்ப மாறும் என்பதைப் பௌதிகம் கற்ற மாணவர் அறிவர். விட்டம் பாதியாயின், பிற நிலைமைகள் மாறாதிருக்கப் பாய்ச்சல் பதினாறில் ஒன்றாகும். எனவே ஒரு மில்லிமீற்றர் வேறுபாடும் சிறிதன்று. இரண்டாவது, மடலின் நாளத்தோடு ஒத்த அளவு. இரண்டும் ஏறத்தாழச் சமமாயின் முனையோடு முனை தைக்கலாம். ஒன்று மற்றையதன் இருமடங்கினும் பெரிதாயின், பெரியதன் பக்கத்தில் துளையிட்டு அதிலே சிறியதைத் தைத்தல் நன்று. மூன்றாவது சுவரின் நலம். முன்னர்க் கதிர்ச்சிகிச்சை பெற்ற கழுத்திலே நாளங்கள் தடித்து இறுகி, எளிதிற் கிழிவனவாயிருக்கும். கப்பரின் கலந்த உப்புநீரை அதனுட் செலுத்தினால் தடையின்றி ஏறவேண்டும். நான்காவது கிடக்கை. தலையை நேரே வைத்த நிலையிற் செம்மையாய்த் தோன்றும் நாளம், நோயாளி விழித்தெழுந்து தலையைத் திருப்பும்போது மடங்கிவிடலாம். ஆதலின் இணைப்பதற்கு முன்னும் பின்னும் தலையை இருபுறமும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். இழுபட்டு நிற்பதும் தவறு. நீண்டு தொய்ந்து வளைவதும் தவறு.

கழுத்திலே இவ்விலக்கணங்களுக்கு அமைந்தவை பல உள. ஆழத்தே கிடப்பது உட்கழுத்து நாளம். அதன் விட்டம் பெரும்பாலும் ஒரு சதமமீற்றருக்கு மேற்பட்டது, இதயத்துக்கு அண்மையது, நாம் மூச்சை உள்ளிழுக்குந்தோறும் மார்பினுள் அமுக்கம் குறைய, அதனுட் குருதி இழுக்கப்படுகின்றது. முகநாளம் முதலிய கிளைகளும் அதனையே சேருகின்றன. தோலின் கீழ் மேலோட்டமாகச் செல்வது வெளிக்கழுத்து நாளம். அஃது எடுப்பதற்கு எளிது, நீளமும் போதியது. ஆனால் மேலோட்டமாய் இருத்தலே அதன் குறையுமாகும். இறுகக் கட்டிய கட்டுத்துணியும், மூச்சுக்குழாய்த் துளையிற் செருகிய குழாயைக் கட்டும் நாடாவும் அதனை நசுக்கிவிடும்.

உட்கழுத்து நாளத்தை இவ்வாறு பயன்படுத்துதல் எக்காலத்தும் இயன்றதன்று. 1906இல் அமெரிக்கராகிய கிறைல் வகுத்த முறைப்படி, நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது உட்கழுத்து நாளமும் உடன் அகற்றப்பட்டது. அந்நாளத்தையும் நரம்பையும் தசையையும் காத்து, கணுக்களை மாத்திரம் அகற்றலாம் என்பதை ஆர்ஜென்ரீன நாட்டுச் சுவாரசு 1963இல் வெளியிட்டார். நோயைத் தீர்க்கும் வேலையிற் கைகாட்டிய அடக்கம், பின்வந்த தலைமுறையினரின் கைக்கு ஏற்பு நாளத்தைத் தந்தது. ஒரு துறையார் பொறுமையுடன் விட்டுவைத்ததன் பயனை மற்றொரு துறையார் அனுபவிக்கின்றனர் என்பதற்கு இஃது ஏற்ற சான்று.

இவ்விருவகை நாளங்களுள் எது சிறந்தது என்பதில் அறிஞர் ஒருமனப்பட்டிலர். உட்கழுத்து நாளமே உறுதியானது என்பர் ஒருசாரார். அதிலே உறைகட்டி விழுந்தால் அதனையே நம்பிய கிளைகள் அனைத்தும் வீணாகும் என்பர் மற்றொரு சாரார். தேர்ந்த கையாயின் முடிவிலே வேறுபாடு காணப்படவில்லை என எழுதியோரும் உளர். இக்கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வேறுபாடில்லை என்று அவர் கண்டது நன்கு ஆராய்ந்து தேர்ந்த நாளங்களிடையே என்பதை மறத்தலாகாது. எந்த நாளமாயினும் ஆகலாம் என்பது அதன் பொருளன்று. பெயரை நோக்காது தகுதியை நோக்குக என்பதே அதன் பொருள்.

நமது துணிபு வருமாறு. உட்கழுத்து நாளத்துக்கு அண்மையில் முகநாளத்தின் அகன்ற அடிப்பகுதி நலமாயிருப்பின் முதலில் அதனை நாடுக. அது வெட்டுண்டிருந்தால், அல்லது அளவிற் பொருந்தாவிடின், உட்கழுத்து நாளத்தின் பக்கத்திலேயே இணைக்க. வெளிக்கழுத்து நாளத்தை இரண்டாம் வழியாகக் காத்து வைக்க. அப்பக்கத்துக் கழுத்து முழுதும் கதிரினால் இறுகியிருப்பின் மறுபக்கத்துக் கழுத்தை ஆராய்க. அன்றேல் மேற்கையின் தலைநாளத்தைத் தோள்வரை விடுவித்துக் கழுத்துக்குத் திருப்புக. காலிலிருந்து நாளத்துண்டொன்றை எடுத்து இடையே பொருத்துவதைக் கடைசியில் வைக்க. இணைப்பு ஒன்றாயிருக்க வேண்டிய இடத்தில் இரண்டாகும்போது இடரும் பெருகும்.

ஒரு நாளமா, இரண்டா என்பதும் வழக்கிலுள்ள வினா. முன்கை மடலுக்கு ஆழத்தே செல்லும் துணைநாளங்களும் மேலே செல்லும் தலைநாளமும் உண்டு. இரண்டையும் இணைத்தால் நேரம் மிகும். ஒன்றன் ஓட்டம் மற்றையதன் ஓட்டத்தைக் குறைக்கவும் கூடும் என்பர். எனினும் இரண்டும் பருமனுடையனவாயின், ஒன்றை உட்கழுத்துத் தொகுதியிலும் மற்றையதை வெளிக்கழுத்துத் தொகுதியிலும் இணைத்தல் நன்றென்பது நம் கருத்து. இரண்டையும் ஒரே நாளத்தின் கிளைகளிற் பொருத்திவிட்டு இரட்டைக் காவல் வைத்தோம் என மகிழ்தல் ஒரே வாயிலில் இரு பூட்டுப் போட்டதை ஒக்கும். ஒன்றையே இணைக்க நேரின், நாடியை முதலில் இணைத்துக் குருதியை ஓடவிட்டு, மடலின் நாளங்களுள் எது நன்கு சொரிகின்றது எனப் பார்த்துத் தேர்தல் அறிவுடைமை.

கழுத்துக்குக் கூறியவை காலுக்கும் பொருந்தும். யூகோசுலாவியாவின் லியுபிளியானா நகரத்து மார்க்கோ கொடினா என்பார், கால் சிதைந்த 532 நோயாளரை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1986இல் வெளிவந்தது. காயமுற்ற 72 மணித்தியாலத்துள் மடலிட்டோரில் மடல் அழிந்தது 100க்கு 0.75, அதன்பின் மூன்று மாதத்துள் மடலிட்டோரில் 100க்கு 12. நாள் செல்லச் செல்லக் காயத்தின் சுற்றுப்புறம் வீங்கி, அங்குள்ள மெல்லிய நாளங்கள் அழற்சியுறுகின்றன. ஆதலாற் காயத்தின் எல்லைக்கு அப்பாற் சென்று நலமுள்ள நாளத்தைத் தேடவேண்டும் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. போரினாலும் வீதி விபத்துகளினாலும் கால் சிதைந்தோரைக் கண்ட நம் நாட்டுக்கு இப்பாடத்தின் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தையல் முடிந்தவுடன் வேலை முடிந்ததன்று. நாள அடைப்பிற் பெரும்பாலானவை முதல் மூன்று நாட்களுள் நிகழ்வன. முதல் இரவிலே மணிக்கொருதரம் மடலின் நிறத்தையும் வெம்மையையும் பார்ப்பவர் தாதியரே. திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நான்கு கூறாக வகுத்தார். நான்காமவரை ஏனையோர்க்கு நிகராக வைத்த அப்பெருமையை இவ்விடத்தே காணலாம். நீலம் பாரிக்கும் மடலைக் கண்ட தாதி, நள்ளிரவிலும் தயங்காது வைத்தியரை எழுப்பும் உரிமையுடையராதல் வேண்டும். காலத்தே திறந்து கட்டியை அகற்றினால் மடலைப் பெரும்பாலும் காக்கலாம். விடியட்டும் எனப் பார்த்திருந்தால் இழக்க நேரும். அட்டை விட்டுத் தேங்கிய குருதியை உறிஞ்சச் செய்யும் முறை சுசுருதர் நூலிலேயே உண்டு. இன்றும் அது கைவிடப்படவில்லை. ஆயின் அட்டையின் குடலில் வாழும் பற்றீரியாவினாற் கிருமித்தொற்று உண்டாகலாமாகையால் அதற்குரிய மருந்தும் உடன் கொடுத்தல் வேண்டும். மீண்டும் திறந்து சீர்செய்யத்தக்க நாளத்தை விட்டுவிட்டு அட்டையை நம்புதல் தகாது.

இவையெல்லாம் மடலொன்றின் அழகு பற்றிய கவலையன்று. வாய்ப்புற்றுநோய் முற்றியவர்க்குச் சத்திரசிகிச்சையின் பின் கதிர்ச்சிகிச்சை வேண்டப்படும். அது ஆறு கிழமைகளுள் தொடங்குதல் நன்று. மடல் அழுகினால் மீண்டும் கூடத்துக்குச் செல்லவேண்டும், புண் ஆறவேண்டும், ஆறு கிழமைகள் கழிந்துவிடும். நோய் அதுவரை காத்திராது. இரண்டு மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு நாளத்தைத் தேர்வதிற் காட்டிய அசட்டை, ஒரு குடும்பத் தலைவனின் ஆயுளைக் குறைக்கவும் கூடும்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. நோயை அகற்றும் வைத்தியரும் உறுப்பை மீளமைக்கும் வைத்தியரும் கத்தி எடுப்பதற்கு முன்னரே கூடி, முதல் நாளம் எது, அது தவறின் இரண்டாவது எது எனக் குறித்து வைத்தல் வேண்டும். பெரிய நாளம் எதனையும் கட்டுமுன் ஒருவரையொருவர் வினவுதலும், கட்ட நேரின் நீண்ட அடியை விட்டுக் கட்டுதலும் வழக்கமாதல் வேண்டும். மூன்றாவதாக, சத்திரசிகிச்சைக் குறிப்பிலே நாடியின் பெயரோடு நாளத்தின் பெயரும், பருமனும், இணைத்த விதமும் தவறாது எழுதப்படல் வேண்டும். எழுதாததை எவரும் ஆராயார். ஆராயாததை எவரும் திருத்தார். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை.

இத்துறையை நாடும் மாணவர்க்கும் ஒரு சொல். குருதிக்கலன்களைத் தைக்கப் பழகுவதற்குக் கடையில் வாங்கிய கோழித் தொடையே போதியது. அதிலுள்ள கலன்கள் மனித மடலின் கலன்களோடு அளவில் ஒப்பன. மயிரினும் மெல்லிய நைலோன் நூலைக் கொண்டு அதன் நாடியைத் தைத்துவிட்டு எழுந்து போகாதீர். அதன் அருகே ஒட்டிக் கிடக்கும் மெல்லிய நாளத்தையும் எடுத்துத் தைத்துப் பாருங்கள். நாடி உங்கள் பிழையைப் பலமுறை பொறுக்கும். நாளம் ஒருமுறையும் பொறுக்காது. பொறுக்காததோடு பழகிய கையே நோயாளியிடம் செல்லத் தகுதி பெற்ற கை என்போம்.